படத்திலிருந்து எடுத்த நிறம் ஏன் படத்தில் பார்த்த நிறமாக இல்லை?

பட்டுப்புடவையின் படத்திலிருந்து ஐட்ராப்பரால் (படத்தில் சொடுக்கிய இடத்தின் நிறத்தை எடுத்துத் தரும் கருவி) நிறம் எடுத்து டிசைனில் போட்டால் வேறு ஏதோ நிறமாகத் தெரிகிறது, சரியாக எடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருமண அழைப்பிதழ் வடிவமைக்கிறேன். "பொண்ணோட முகூர்த்தப் புடவை கலர்லயே பத்திரிகை வேணும்" என்று மாதத்துக்கு நான்கைந்து பேராவது கேட்பார்கள். அதனால் இந்தச் சிக்கலோடு நிறைய நாள் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில் ஒன்று செய்து பாருங்கள். படத்தை 800 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். தள்ளி நின்று பார்த்தால் ஒரே அரக்காகத் தெரிகிற புடவை, கிட்டத்தில் இருபது முப்பது நிறங்களாகச் சிதறிக் கிடக்கும். என்னிடம் உள்ள ஒரு படத்தில் விரல் நுனி அளவு தள்ளித் தள்ளி மூன்று இடங்களில் எடுத்தேன். மடிப்பின் மேட்டில் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று 0 முதல் 255 வரை சொல்லும் எண்கள்) 171, 62, 66. சமமான இடத்தில் 122, 24, 34. மடிப்பின் உள்ளே 66, 10, 18. மூன்றும் ஒரே புடவைதான். ஐட்ராப்பர் 'பாயின்ட் சேம்பிள்' என்ற அமைப்பில் இருந்தால், அம்புக்குறியின் நுனியில் மாட்டும் ஒரே ஒரு பிக்சலைத்தான் எடுத்துத் தரும். அந்தப் பிக்சல் மேடா, பள்ளமா, இழையின் பளபளப்பா என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே முதல் வேலை, ஒரு புள்ளிக்குப் பதில் ஒரு பரப்பின் சராசரியை எடுப்பது. போட்டோஷாப்பில் 'ஐ' விசையை அழுத்தியதும் மேலே 'சேம்பிள் சைஸ்' வரும். அதில் 11க்கு 11 அல்லது 31க்கு 31 வைத்துக்கொள்ளுங்கள். படம் மிகச் சிறியதென்றால் 5க்கு 5 போதும். பக்கத்திலேயே எந்த லேயரிலிருந்து (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) எடுக்க வேண்டும் என்றும் கேட்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மேலே வேறு லேயர் லேசாகப் படர்ந்திருந்தால் கலந்த நிறம்தான் வரும். கிம்ப் என்ற மென்பொருளில் 'ஓ' விசையை அழுத்தி, 'சேம்பிள் ஆவரேஜ்' தேர்ந்து, அதன் ஆரத்தை வையுங்கள். இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் 'டி' விசையை அழுத்திவிட்டு, வெறுமனே சொடுக்காமல் மவுஸ் பொத்தானை அழுத்தியபடி இழுத்தால் ஒரு வட்டம் வரும். வட்டத்துக்குள் இருப்பதன் சராசரியைத் தரும். எனக்கு மிகவும் பிடித்த வசதி அதுதான். சராசரி எடுக்கும் வழியே இல்லாத மென்பொருள் என்றால், படத்தின் நகலை நன்றாக மங்கலாக்கிவிட்டு அதிலிருந்து எடுங்கள்.

வெளிச்சம் பட்டு வெளுக்காத, நிழலும் விழாத, துணி சமமாக விரிந்த இடமாகப் பாருங்கள். கரையும் உடலும் சேரும் ஓரத்துக்குப் போகவே வேண்டாம். ஜேபெக் கோப்பு வெளிச்ச விவரத்தைக் காப்பாற்றும் அளவுக்கு நிற விவரத்தைக் காப்பாற்றாது. பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒரு நிறம் என்றுதான் சேமிக்கும். அதனால் ஓரங்களில் ஒரு நிறம் இன்னொன்றுக்குள் கசிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இன்னும் சுருங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள்.

ஆனால் ஜரிகையில் இந்தச் சராசரி உதவாது. பளிச்சென்ற வெள்ளைப் புள்ளிகளையும் கரும்பழுப்பு நிழலையும் சேர்த்துச் சராசரி போட்டால் சேற்று நிறம்தான் மிஞ்சும். தங்கம் என்பது தனி நிறம் அல்ல, ஒளி நகரும் விதம். பளபளப்பில் ஒன்று, நடுவில் ஒன்று, நிழலில் ஒன்று என மூன்று எடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றாக மெல்ல மாறும் கிரேடியன்டாகப் போடுங்கள். தட்டையாக ஒரே நிறம்தான் வேண்டுமென்றால் நடு நிறத்தை எடுத்து, செறிவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

மயில் கழுத்து நிறம் இன்னும் நுட்பமானது. நீள இழையான பாவு ஒரு நிறம், குறுக்கு இழையான ஊடை ஒரு நிறம். நீலமும் பச்சையும் பின்னிக் கிடப்பதால் துணி அசைய அசைய நிறம் மாறும். அதில் "சரியான" ஒரு நிறத்தைத் தேடினால் கிடைக்காது. நான் நீலத்தைப் பின்னணிக்கும் பச்சையை எழுத்துக்கும் பூவேலைக்கும் பிரித்துக்கொள்வேன். புடவையைப் பார்த்தவர்கள் அட்டையைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்கிறார்கள்.

அப்புறம், படமே பொய் சொல்லலாம். மண்டபத்து மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில், மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டியில் ஐட்ராப்பரை வைத்துப் பாருங்கள். 250, 232, 200 போல வந்தால் படம் முழுக்க மஞ்சள் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்த பிறகே நிறம் எடுக்க வேண்டும். ஐபோன் படமென்றால் இன்னொன்று: ஐபோன் 7 முதல் அவை 'டிஸ்ப்ளே பி3' என்ற விரிந்த நிறவெளியில் (எந்த எண் எந்த நிறம் என்று வகுக்கும் முறை) பதிவாகின்றன. அந்த எண்களை அப்படியே எஸ்ஆர்ஜிபி என்ற வழக்கமான, சற்றுக் குறுகிய நிறவெளியில் உள்ள டிசைனில் ஒட்டினால் நிறம் சோர்ந்து தெரியும். போட்டோஷாப்பின் எடிட் மெனுவில் 'கன்வர்ட் டு ப்ரொஃபைல்' போய் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். 'அசைன் ப்ரொஃபைல்' வேறு, அது எண்ணை மாற்றாமல் நிறவெளியின் பெயரை மட்டும் மாற்றும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் நிறம் வேறாகத் தெரிந்தால், காரணம் பக்கத்து நிறம். பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம் கறுப்புச் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, அருகில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளிறவைத்தன என்று கண்டு, 1839இல் அதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். அரக்குப் புடவை பச்சைக் கரைக்கு நடுவே இருக்கும்போது ஒரு நிறம், வெள்ளைத் தாளில் இன்னொரு நிறம். அதனால் எடுத்த நிறத்தை வெள்ளைப் பின்னணியில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கரையின் நிறத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேவைப்பட்டால் எண்ணை விட்டுவிட்டுக் கண்ணுக்குப் பொருந்தும்படி நகர்த்துங்கள். எனக்கு அதில் எந்தத் தயக்கமும் இல்லை.

அச்சுக்குப் போவதென்றால் ஒரு படி கூடுதல். தொழிலின் முதல் வருடத்தில் திரையில் ஜொலித்த ஒரு நீலத்தை ஆர்ஜிபியிலேயே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். வந்தது கத்தரிப்பூ நிறம். அந்த வீட்டுப் பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "பரவாயில்லண்ணா" என்றது இன்னும் வலிக்கிறது. அச்சில் பயன்படும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மைகளால் அந்த நீலத்தைத் தர முடியாது. போட்டோஷாப்பில் கன்ட்ரோலோடு 'ஒய்' அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு முன்பே காட்டும். அச்சகத்திலிருந்து ஒரு மாதிரித் தாளும் வாங்கிப் பாருங்கள். இப்போதெல்லாம் நான் படத்தோடு புடவையின் ரவிக்கைத் துணியையும் கேட்டு வாங்கிவிடுகிறேன். காலை பத்து மணி வாக்கில் ஜன்னலோரம் துணியையும் மாதிரித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அச்சுக்குச் சம்மதம் சொல்கிறேன்.