சமீபத்திய ராக், இண்டி ஆல்பங்களில் எவை முழுமையாகக் கேட்கத் தக்கவை?

ஒரு பாட்டைப் பொறுக்கிக் கேட்டுவிட்டு நகராமல், முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து கேட்க வேண்டிய ஆல்பம் என்றால், 2024 நவம்பரில் வெளிவந்த தி க்யூர் குழுவின் 'சாங்ஸ் ஆஃப் எ லாஸ்ட் வேர்ல்ட்' என்பதையே முதலில் சொல்வேன். அக்குழு 16 ஆண்டுகளுக்குப் பின் தந்த ஆல்பம் அது. பாடல்கள் 8 மட்டுமே. முதல் பாடலான 'அலோன்' தொடங்கி மூன்று நிமிடங்களுக்கு மேல் பாடகர் ராபர்ட் ஸ்மித் வாய் திறப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வர்த்திலிருந்து டர்பன் நகரத்துக்கு வேலைக்குப் போகும்போது காரில் இதைப் போட்டால், ஹிக்கின்சன் நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருக்கும். குரல் வரும்போது மனம் அதற்காக ஏங்கிப்போயிருக்கும்.

என்னை உலுக்கியது 'ஐ கேன் நெவர் சே குட்பை' என்ற பாடல். ஸ்மித் தம் அண்ணன் ரிச்சர்டின் மறைவை நினைத்து எழுதியது. பியானோவில் சில சுரங்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அவை எங்கும் போய்ச் சேர்வதில்லை. என் அண்ணன் இறந்தபோது எங்கள் அத்தை ஒரே அடியை விடியும்வரை ஒப்பாரியாகச் சொல்லி அழுதார். அடி மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் கனம் கூடியது. இந்தப் பியானோவும் அப்படித்தான் கூடுகிறது. 1989-இல் வந்த 'டிஸின்டக்ரேஷன்' கேசட்டைத் தந்து இக்குழுவை எனக்கு அறிமுகப்படுத்தியவரும் அண்ணன்தான் என்பதால், இந்த ஒரு பாடலை மட்டும் நான் காரில் கேட்பதில்லை.

அடுத்து, டப்ளின் நகரத்துக் குழுவான ஃபான்டெய்ன்ஸ் டி.சி.யின் 'ரொமான்ஸ்' (2024). 'ஸ்டார்பர்ஸ்டர்' பாடலில் பாடகர் கிரையன் சாட்டன் மூச்சை வெடுக்கென்று இழுக்கும் ஓசை தாளத்தோடு தாளமாக அமைந்திருக்கிறது. லண்டன் ரயில் நிலையமொன்றில் அவருக்கு ஏற்பட்ட பதற்றத் தாக்குதலிலிருந்து அது பிறந்தது. அச்சத்தை வார்த்தையால் விளக்காமல் மூச்சாலேயே கேட்க வைத்தது பெரிய சாதனை.

பல்ப் குழு 24 ஆண்டுகள் கழித்து 2025-இல் வெளியிட்ட 'மோர்' நிறைவானது; பழைய பெயரை வைத்துப் பிழைக்கும் முயற்சியாக எனக்குத் தோன்றவில்லை.

தி ஸ்மைல் குழுவின் 'வால் ஆஃப் ஐஸ்' பற்றித்தான் எனக்கு மனக்குறை. 'பெண்டிங் ஹெக்டிக்' என்ற எட்டு நிமிடப் பாடலில், வயலின்கள் மேலேறி மேலேறி கிட்டாராக வெடிக்கும் இடம் அபாரம். மற்ற பாடல்களில் திறமை தெரிகிறது, ஆயினும் மறுநாள் அவற்றில் ஒரு மெட்டுக்கூட என் நினைவில் தங்கவில்லை.