பெலிலியூ – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம். பசிபிக் போரைப் பற்றிய உங்கள் கட்டுரையில், 1944இல் பலாவ் தீவுக்கூட்டத்தின் பெலிலியூ தீவில் அமெரிக்கர்களும் ஜப்பானியர்களும் மோதியதை ‘தேவையற்ற போர்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். அந்தத் தீவை விட்டுவைத்திருந்தால் பிலிப்பைன்ஸில் இறங்கவிருந்த அமெரிக்க ஜெனரல் மெக்கார்தரின் படைக்குப் பக்கவாட்டில் ஆபத்து இருந்திருக்காதா? எல்லாம் முடிந்தபின் கணக்குப் பார்ப்பது அங்கே உயிர்விட்டவர்களை அவமதிப்பதாகாதா?

– ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் கடந்தது என் பிழைதான். ஆனால் அந்த வரியை நான் திரும்பப் பெறவில்லை.

அந்தக் கணக்கு போர் முடிந்தபின் போடப்பட்டதல்ல. 1944 செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் மீது விமானத் தாக்குதல் நடத்திய அமெரிக்க அட்மிரல் ஹால்சி, அங்கே எதிர்ப்பு பலவீனமாக இருப்பதைக் கண்டு, பலாவ் தீவுகளைத் தாக்கும் திட்டத்தைக் கைவிட்டு நேரே பிலிப்பைன்ஸின் லேய்டே தீவுக்குப் போகலாம் என்று பரிந்துரைத்தார். படை ஏற்கெனவே கடலில் இருக்கிறது என்பதால் அவருடைய மேலதிகாரி அட்மிரல் நிமிட்ஸ் பெலிலியூ தாக்குதலை நிறுத்தவில்லை; செப்டம்பர் 15 அன்று கடலிலிருந்து கரையிறங்கிப் போரிடும் மரைன் படையின் முதலாம் டிவிஷன் அங்கே கரையிறங்கியது. பக்கவாட்டு ஆபத்து என்று நீங்கள் சொல்வதற்கும் அதே தீவுக்கூட்டத்திலேயே விடை இருக்கிறது. பெரிய தீவான பாபெல்டாப்பில் பெலிலியூவில் இருந்ததைவிடப் பெரிய ஜப்பானியப் படை இருந்தது. அதன்மீது யாரும் தரையிறங்கவில்லை. ஜப்பான் சரணடையும்வரை அது அங்கேயே முடங்கிக் கிடந்தது.

சரி, பெலிலியூவில் இருந்த விமானத்தளம் தேவைப்பட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது இரண்டாம் நாளே கைக்கு வந்துவிட்டது. என்னை வருத்துவது அதற்குப் பின் நடந்தது. டிவிஷன் தளபதி ருபெர்ட்டஸ் சில நாட்களில் எல்லாம் முடிந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். எதிரே இருந்த ஜப்பானியத் தளபதி கர்னல் குனியோ நாககாவா, பழைய ஜப்பானிய முறைப்படி தன் ஆட்களைக் கடற்கரையிலேயே கொத்துக்கொத்தாகப் பாயவிட்டு இழக்கவில்லை. உமுர்ப்ரோகோல் என்னும் சுண்ணாம்புப் பாறை முகட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குகைகளுக்குள் அவர்களைக் காத்திருக்க வைத்தார். எதிரியின் போர்முறை மாறியது கண்ணுக்குத் தெரிந்த பின்னும், ருபெர்ட்டஸ் அதே முகட்டின்மீது நேருக்கு நேராகப் படைகளை ஏவிக்கொண்டே இருந்தார். அவருடைய டிவிஷனில் ஒரு பிரிவான, கர்னல் புல்லரின் ரெஜிமெண்டில் சுமார் மூவாயிரம் பேரில் ஒரே வாரத்தில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தோ காயமடைந்தோ வீழ்ந்தனர். தரைப்படையின் உதவியை ருபெர்ட்டஸ் விரும்பவில்லை. மேலதிகாரி கெய்கர் குறுக்கிட்டு உத்தரவிட்ட பிறகே அந்த ரெஜிமெண்ட் மாற்றப்பட்டது.

இவற்றையெல்லாம்விட என் மனதில் நிற்பது தண்ணீர். வெயில் 46 பாகையைத் தொட்ட அந்த நாட்களில் கரைக்கு வந்த குடிநீர், முன்பு எரிபொருள் நிரப்பியிருந்த, சரியாகக் கழுவப்படாத பீப்பாய்களில் வந்தது. நாவறண்டு கிடந்தவர்கள் எண்ணெயும் துருவும் கலந்த அந்த நீரைக் குடித்து வாந்தியெடுத்தார்கள். மண்வெட்டி இறங்காத பவளப்பாறையில் பதுங்குகுழி வெட்டவும் வழியில்லாமல் கற்களை அடுக்கி அதன் பின்னால் படுத்தார்கள். குண்டு விழுந்தால் அந்தக் கற்களே சில்லுகளாகித் தைத்தன. அந்த மனிதர்களின் வீரத்தில் எனக்குத் துளியும் ஐயமில்லை. அவர்களை அங்கே அனுப்பிய முடிவைக் கேள்வி கேட்பது அவர்களை அவமதிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்காமல் விடுவதுதான் என்னை உறுத்துகிறது.

பெலிலியூவில் சண்டை முடிந்ததாக அந்த ஆண்டு நவம்பர் 27 அன்றுதான் அறிவித்தார்கள். அமெரிக்கர்களில் ஏறக்குறைய 1,800 பேரும் ஜப்பானியர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரும் மாண்டிருந்தார்கள். நாககாவா அதற்குச் சில நாட்களுக்கு முன்பே தன் உயிரைப் போக்கிக்கொண்டார். ஆனால் அவருடைய ஆட்களில் ஒரு சிறு கூட்டம் லெப்டினன்ட் யாமகுச்சியின் தலைமையில் குகைகளிலேயே தங்கிவிட்டது. ஜப்பான் தோற்றுவிட்டது என்பதை அவர்கள் நம்ப மறுத்தார்கள். சில நாட்களில் முடியும் என்று சொல்லப்பட்ட அந்தத் தீவில், 1947 ஏப்ரலில்தான், 34 பேர் ஆயுதங்களை ஒப்படைத்து வெளியே வந்தார்கள்.