கோர்ட் வேலையும் வேண்டும், தலைவர் நாற்காலியும் வேண்டுமா?

அம்மா, தக்கலையிலிருந்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். தம்பிக்கு குரூப் 4-இல் நீதித்துறை இளநிலை உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. அதற்குள், "அடுத்த தடவை ஊராட்சித் தலைவருக்கு நீதான் நிக்கணும் மக்கா" என்று ஊர்க்காரர்கள் திண்ணையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டா என்று கேட்கிறீர்கள். இல்லை.

ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாதே என்று தம்பி சொல்வது சரிதான். ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் கட்சிச் சின்னம். ஆனால் 1973-ஆம் ஆண்டின் அரசு ஊழியர் நடத்தை விதிகள் கட்சியோடு நிற்கவில்லை. சட்டமன்றமோ உள்ளாட்சியோ, தேர்தலில் நிற்கவும் கூடாது, ஓட்டுக் கேட்கவும் கூடாது, ஓட்டுப் போடலாம். லீவு போட்டுவிட்டு நின்றாலும் ஊழியர் ஊழியர்தான்.

விதி கிடக்கட்டும். கோர்ட்டில் இது ஏன் கூடுதலாக உறுத்தும் என்பதுதான் எனக்கு முக்கியம். ஊராட்சித் தேர்தல் முடிவை எதிர்த்தால் 45 நாளுக்குள் மாவட்ட நீதிபதியிடம் மனுக் கொடுக்க வேண்டும். அதாவது நாகர்கோவிலில். தம்பி ஜெயித்து, தோற்றவர் வழக்குப் போட்டால், அந்தக் கட்டு போய்ச் சேருவது அவனோடு டீ குடிக்கிறவர்களின் மேஜைக்கு. அவர்கள் ஒரு தப்பும் செய்யமாட்டார்கள். ஆனாலும் மனுவைப் பதிந்து வழக்கு நம்பர் போட நாலு நாள் பிந்தினால் ஊர் என்ன பேசும்?

சின்ன வழக்குகளிலும் இதே கதைதான். நம்ம பக்கத்தில் விளை அதிர் (தோப்பு எல்லை), வழிப்பாதை என்று இரணியல், குழித்துறை கோர்ட்டுகளுக்கு வராத குடும்பம் குறைவு. தீர்ப்பு நகல் கேட்டு ஒருவர் ஜன்னலில் நிற்கிறார். உள்ளே இருப்பவர் எதிராளி வீட்டு வாசலில் போன மாதம் கும்பிட்டு ஓட்டுக் கேட்டவர். அவருக்கு நகல் சரியான நாளில் கிடைத்தாலும் மனசு ஆறாது.

இப்போது சேர்ந்துவிட்டு, தேர்தல் வரும்போது ராஜினாமா செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், ராஜினாமா ஏற்கப்பட்ட பிறகுதான் வேட்புமனு. பார்த்த சர்வீஸ் அத்தனையும் போய்விடும். ஐந்து வருஷப் பதவிக்காக இதைச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

அரசியல்தான் ஆசை என்றால், பட்டம் கையில் இருக்கிறதே, திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருஷம் படிக்கட்டும். வக்கீல்கள் தேர்தலில் நிற்பது புதிதல்ல. ஊருக்கு உழைக்கிற ஆசை மட்டும்தான் என்றால், கிராமசபையில் வாக்காளராக உட்கார்ந்து குழாயில் தண்ணீர் வராததைக் கேட்க யாரும் தடுக்கமாட்டார்கள். சொல்லப்போனால் நீங்களே நிற்கலாம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்குத்தான். ஆனால் தம்பி உங்களுக்காக ஒரு பிட் நோட்டீஸ்கூடக் கொடுக்க முடியாது.

என் கருத்து, தம்பி வேலையில் சேரட்டும். அப்புறம், திண்ணைக்கு வருகிறவர்களிடம் அவனே பேசட்டும். நீங்கள் சொன்னால், அம்மா தடுத்துவிட்டாள் என்று அடுத்த தேர்தல்வரை வந்துகொண்டே இருப்பார்கள்.