குண்டு எறிதல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பருமனான உடம்பு. 100 மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்ததால் பி.டி. சார் குண்டு எறிதலில் போட்டுவிட்டார். வகுப்பில் கேலி செய்கிறார்களாம், அழுகிறான். தடகளத்தில் என்னென்ன பிரிவுகள் உண்டு? அவனுக்கு வேறு எது பொருந்தும்? பிற்பாடு வேலையில் ஒதுக்கீடு கிடைக்குமா?

ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

வேலை ஒதுக்கீட்டை விடுங்கள். எட்டாம் வகுப்புப் பையன் தலையில் அந்தக் கணக்கை ஏற்றாதீர்கள்.

டிராக்கில் 100 மீட்டர் முதல் 10,000 மீட்டர் வரை ஓட்டங்கள், தடை தாண்டும் ஓட்டம், தொடர் ஓட்டம். சாலையில் மாரத்தான், நடைப்போட்டி. தாண்டுவதில் நீளம், உயரம், மும்முறை, கோலூன்றி. எறிவதில் குண்டு, தட்டு, ஈட்டி, சங்கிலிக் குண்டு. இரண்டு நாளில் பத்துப் போட்டிகளை முடிக்கும் டெக்கத்லானும் உண்டு.

கேலி செய்யும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, உங்கள் மேல்தான். "வேறு எது பொருந்தும்" என்று கேட்கிறீர்களே, நீங்களே அதைத் தண்டனையாக நினைத்தால் அவன் அழாமல் என்ன செய்வான்?

எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் மைக் முழுக்க ஓட்டத்துக்குத்தான். குண்டு எறிதலை மைதானத்து மூலையில் காலையிலேயே முடித்துவிடுவார்கள். மேடையில் பரிசுக்குப் பெயர் வாசிக்கும்போதுதான் அப்படி ஒரு போட்டி நடந்ததே எங்களுக்குத் தெரியவரும். இந்த ஓரவஞ்சனை பள்ளியோடு நிற்பதில்லை. 1954 மே 6 அன்று ரோஜர் பானிஸ்டர் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடினார், இன்றும் பேசுகிறார்கள். இரண்டே நாள் கழித்து, மே 8 அன்று, அமெரிக்காவின் பாரி ஓப்ரையன் முதன்முதலாகக் குண்டை 60 அடிக்கு அப்பால் எறிந்தார். யாருக்கு நினைவிருக்கிறது?

அதுவரை பக்கவாட்டில் நின்றுதான் தொடங்குவார்கள். ஓப்ரையன் எறியும் திசைக்கு முதுகைக் காட்டி நின்றார். எறிபவர் நிற்க வேண்டிய வட்டத்தின் விட்டம் 2.135 மீட்டர்தான். அதற்குள் பின்பக்கமாகச் சறுக்கி, திரும்பி, உடம்பு முழுவதன் வேகத்தையும் குண்டுக்குக் கொடுக்க வேண்டும். காலில் பிறக்கும் விசை இடுப்பு வழியாகத் தோளுக்கு வந்து, கடைசியில்தான் கைக்கு வருகிறது. குண்டு கழுத்தை ஒட்டியே இருக்க வேண்டும். கிரிக்கெட் பந்துபோல வீசினால் அந்த எறிதல் செல்லாது. எறிந்த பிறகு வட்டத்துக்கு வெளியே முன்பக்கம் கால் பட்டாலும் போச்சு. பின்னால் வந்தவர்கள் சறுக்குவதற்குப் பதில் தட்டு எறிபவர்போலச் சுழலவே தொடங்கினார்கள். அப்படிச் சுழன்றுதான் ரையன் க்ரௌசர் 2023இல் 7.26 கிலோ குண்டை 23.56 மீட்டர் எறிந்தார். மந்தமான உடம்பால் இது முடியுமா? நம் தஜிந்தர்பால் சிங் தூர் 2018இலும் 2023இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியதும் இதில்தான். அந்த வீடியோக்களைப் பையனோடு உட்கார்ந்து பாருங்கள், கால்களை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் பி.டி. சாரிடம் ஒன்றைக் கேளுங்கள். 20 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கே 6 கிலோ, 18க்குட்பட்டவர்களுக்கு 5 கிலோதான். உங்கள் மகன் கையில் பெரியவர்களின் குண்டைக் கொடுத்திருந்தால், நேரில் போய்ச் சண்டை போட்டு மாற்றிக் கொடுக்கச் சொல்லுங்கள்.