பீங்கான் கலைஞருக்கு வேதியியல் எதற்கு?

வனைய வேதியியல் தேவையில்லை, கைப்பழக்கம் போதும். சிக்கல் கிளேஸில்தான். கிளேஸ் என்பது சூளையில் உருகி, பாத்திரத்தின் மேல் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய கண்ணாடிப் படலம். கண்ணாடியாக மாறுவது சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் முக்கியப் பொருள். அது தனியாக உருகச் சுமார் 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும், சாதாரணச் சூளை அவ்வளவு சூடு தாங்காது, அதனால் உருகுநிலையைக் குறைக்க சோடா, சுண்ணாம்பு மாதிரி ஏதாவது சேர்ப்பார்கள், அப்புறம் உருகியது வழிந்து ஓடாமல் இருக்க அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிற மாதிரிதான், பதம் தவறினால் போச்சு.

இந்தப் பதத்தை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியும் என்று காட்டியவர்களில் சார்லஸ் பெர்கஸ் பின்ஸ் முக்கியமானவர். இங்கிலாந்தின் ராயல் வொர்ஸ்டர் பீங்கான் ஆலையில் வேலை பார்த்தவர். 1900இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்ஃபிரட் என்ற ஊரில் தொடங்கிய பீங்கான் பள்ளிக்கு முதல் இயக்குநராகி, 1931 வரை இருந்தார். அறிவியல், கலை இரண்டும் அங்கே ஒரே கூரையின் கீழ். வெறும் நிர்வாகியும் அல்ல, தானும் ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுட்ட, கெட்டியான பீங்கான் வகை) குடுவைகள் செய்தார். எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பலர் கிளேஸை ஒருவகை பெயிண்ட் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, நிறம் சூளைக்குள் நடக்கும் வேதிவினையில்தான் வருகிறது: செம்பு கலந்த கிளேஸ் காற்று நிறைந்த சூளையில் பெரும்பாலும் பச்சையாகவும், காற்று குறைந்த சூளையில் சிவப்பாகவும் வரும்.