கேள்வி பதில்: துணி வியாபாரி வேடத்தில் மாப்பிள்ளை

கேள்வி: அசர்பைஜான் நாட்டு இசை நாடகம் ‘அர்ஷின் மால் ஆலான்’ நகைச்சுவையானது என்கிறார்கள். எங்கள் தோட்ட இளைஞர் மன்றம் அதைத் தமிழில் போட முடியுமா?
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: தாராளமாகப் போடலாம். உசேயிர் ஹாஜிபெயோவ் எழுதி இசையமைத்த இந்நாடகம் 1913இல் பாக்கு நகரில் அரங்கேறியது. அன்று பெண் வேடங்களையும் ஆண்களே கட்டினார்கள்.

பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கட்டிக்கொள்ளப் பணக்கார வணிகன் அஸ்கருக்கு மனமில்லை. நண்பன் சுலைமான் சொன்ன யோசனைப்படி, துணி விற்பவனாக வீடு வீடாகப் போய், குல்சோராவைக் கண்டு காதல் கொள்கிறான். அவள் அப்பா சுல்தான் பே என்பவரோ துணிக்காரனின் அத்தை ஜஹானைத் தாமே மணக்கத் தயார். மகளைத் துணிக்காரனுக்குத் தரத்தான் மாட்டார்! நாடகத்தின் உயிர் இந்த இரட்டை நியாயம்தான். அவரை வில்லனாக்கினால் சிரிப்பு செத்துவிடும். கௌரவம் பார்க்கும் பாசமுள்ள அப்பாவாகவே நடிக்க வேண்டும்.

முக்கிய வேடங்கள் 8. கடைசியில் 4 ஜோடிகள்: வேலைக்காரர்கள் வெலி, தெல்லி உட்பட. நேரம் போதவில்லையென்று தெல்லியை வெட்டாதீர்கள், கணக்கு உதைக்கும்.

துணி மூட்டையைக் கனமாகக் கட்டினால் பாடுபவருக்கு மூச்சு வாங்கும். உள்ளே அட்டைக் குழாய் வைத்து, மேலே இரண்டு சுற்றுத் துணி போதும்.

இசைதான் கடினம். ‘முகாம்’ எனும் அசர்பைஜான் செவ்விசை மரபின் நுண்சுரங்கள் ஹார்மோனியத்தில் வராது. வயலின் வைத்துக்கொள்ளுங்கள். ரஷீத் பெஹ்புதோவ் பாடி நடித்த 1945 திரைப்படத்தை முதலில் கேட்டுவிடுங்கள்.