டெக்சஸ் கவுண்டிக் கடனும் சொத்து வரியும்: வாசகர் கேள்விகள்

கே: 2021 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநில வாக்குச்சீட்டில் வந்த 2-ஆம் முன்மொழிவு வரிச் சலுகையா, வரி உயர்வா?

ப: இரண்டும் இல்லை. இனிமேல் கூடப்போகும் சொத்து வரியைக் காட்டி இன்றே கடன் வாங்கக் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்புக்கு) அனுமதி, அவ்வளவுதான். ‘வளர்ச்சி குறைந்த பகுதி’ என்று ஓர் இடத்தைக் கோடு போட்டுப் பிரிக்கிறார்கள். அன்று அங்குள்ள சொத்துகளின் மதிப்பு 10 கோடி டாலர் என்று வையுங்கள். கடன் பத்திரம் வெளியிட்டுச் சாலை போட்டபின் அது 15 கோடி ஆகிறது. பழைய 10 கோடிக்கான வரி வழக்கம்போல் கஜானாவுக்குப் போகும். கூடிய 5 கோடிக்கான வரியில் ஒரு பங்கு கடனை அடைக்கும். விளையப்போகும் நெல்லைக் காட்டி விதைநெல் வாங்குகிற கதைதான்.

கே: நகரங்கள் இதை எப்போதோ செய்கின்றனவே?

ப: ஆமாம், 1981-இல் வந்த திருத்தம் அவற்றுக்கு வழிவிட்டது. கவுண்டிகளின் பெயர் அதில் இல்லை. டெக்சஸ் அரசியலமைப்பு 1876-ஆம் ஆண்டுச் சரக்கு. அதில் கை வைக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், அப்புறம் மக்கள் ஓட்டும் வேண்டும்.

கே: 2011-இல் தோற்ற இதே யோசனை எப்படிப் பத்தே வருடத்தில் ஜெயித்தது?

ப: எனக்குப் பிடித்த கேள்வி. 2011-இல் இது 4-ஆம் முன்மொழிவு. ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். எதிர்த்தவர்கள் கையில் எடுத்தது டோல் சாலை: நம் வரிப் பணத்தில் சாலை போட்டு நம்மிடமே காசு வசூலிப்பார்களா? 2021 வாசகம் இதற்கு நேராகவே பதில் சொன்னது. சாலைப் பணிகளுக்கான கடனுக்கு, கூடும் வரியில் ஆண்டுக்கு 65 சதவீதத்துக்கு மேல் ஈடு வைக்கக் கூடாது. டோல் சாலைக்கு அந்தப் பணத்தைத் தொடவே கூடாது. சுமார் 63 சதவீதம் ஆதரவு கிடைத்தது. என்னைக் கேட்டால், அந்த டோல் தடைதான் ஓட்டை மாற்றியது.

கே: என் வரி கூடுமா?

ப: வரி விகிதத்தை உயர்த்த இதில் அதிகாரம் இல்லை. ஆனால் வீட்டு மதிப்பு ஏறினால் பில்லும் ஏறும். நீங்களே குடியிருக்கும் வீடு என்றால், சொந்தக் குடியிருப்புக்கான வரிச் சலுகைக்கு விண்ணப்பித்திருந்தால், வரிக்குரிய மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூடாது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அந்த வரம்பு பொருந்தாது.

கே: ‘வளர்ச்சி குறைந்த பகுதி’ என்றால் ஏழைகள் வாழும் இடம்தானே?

ப: காதுக்கு அப்படித்தான் கேட்கிறது. ஊர் ஓரத்துக் காலி நிலமும் அதில் அடங்கலாம். அங்கே மனை போடக் கட்டுமானக்காரர்கள் ஏற்கெனவே காத்திருந்தால், கவுண்டி உதவாமலே மதிப்பு ஏறியிருக்கும். அப்போது கடனுக்குப் போகிற வரி, நீதிமன்றத்துக்கும் சிறைக்கும் வந்திருக்க வேண்டிய பணம். கவுண்டிக் கூட்டத்துக்குப் போனால் முதலில் இதைத்தான் கேளுங்கள். கலிஃபோர்னியா 1952-இல் இந்த முறையை வாக்கெடுப்பில் ஏற்றது. அங்கே மறுசீரமைப்பு முகமைகள் (பழைய பகுதிகளைப் புதுப்பிக்க இந்த வரியைப் பயன்படுத்திய உள்ளூர் அரசு அமைப்புகள்) மாநிலத்தின் சொத்து வரியில் சுமார் 12 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் பெருத்தன. 2012 பிப்ரவரியில் அத்தனையையும் கலைத்துவிட்டார்கள்.